அழகியநம்பியின் போளிக் காட்சி

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் அழகியநம்பிக்கு ஆயுளில் வந்த ஒரே நடிப்பு வாய்ப்பு, வயிற்றைப் பார்த்து வந்தது. சினிமாக்காரர்களின் பிழைப்பைக் கிண்டலடிக்கும் மலையாளச் சிரிப்புத் தொடர் ஒன்றின் இயக்குநர் ரெனி. பந்திக் காட்சிக்கு அரிசி வாங்க ஆட்களோடு கடைக்கு வந்தவள், கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த தொப்பையைக் கண்டதும் வந்த வேலையை மறந்துவிட்டாள்.

அந்த வாரக் கதைப்படி, ஒரு வாரம்கூட ஓடாத படத்துக்குத் தயாரிப்பாளர் வெற்றிவிழா கொண்டாடுகிறார். மேடையில் அவர் கண்ணீரோடு பேச, கீழே பந்தியில் ஒரு விநியோகஸ்தர் எதையும் காதில் வாங்காமல் சாப்பிட வேண்டும். அந்த விநியோகஸ்தர்தான் நம்பி.

"வசனம் ஒண்ணும் இல்ல சேட்டா. சாப்பிட்டா மதி, அது போதும்," என்றாள் ரெனி.

நம்பிக்குச் சர்க்கரை வியாதி. மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் போட்ட சத்தத்தில் பயந்து, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மனைவி முத்தாரம்மாளின் கையில் அடித்துச் சத்தியம் செய்து இனிப்பை விட்டவர். விட்ட மனுஷன்தான். ஆனால் திருவனந்தபுரத்துப் பந்தியில் போளி வராமல் இருக்குமா? இலையில் மஞ்சளாகப் போளி விழுந்து, அதன் தலையில் பால்பாயசமும் விழுந்தபோது, தொழிலுக்காகச் சாப்பிடுவது சாப்பாட்டில் சேராது என்று ஒரு நியாயம் அவருக்குள் தயாராக இருந்தது.

"ஒண்ணுகூடி," என்பாள் ரெனி. இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று அர்த்தம். விளக்கு சரியில்லை என்று ஒரு முறை, தயாரிப்பாளருக்குக் கண்ணீர் வரவில்லை என்று ஒரு முறை, யாரோ தும்மினார்கள் என்று ஒரு முறை. ஒவ்வொரு முறையும் புதுப் போளி, புதுப் பாயசம். கலைக்கு இப்படியொரு ஒத்துழைப்பை அந்த யூனிட் கண்டதில்லை.

வீட்டில், "சும்மா கைகூப்பிக்கிட்டு நிக்கிற வேஷமாக்கும்," என்று சொல்லிவைத்தார். அதோடு வாயை மூடியிருக்கலாம். டிவியில் வரப்போகிறேன் என்று சாலை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார்.

ஒளிபரப்பு நாளன்று வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. மின்சாரம் போகாதா என்று நம்பி பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையாருக்கு அந்தத் தேங்காய் ஞாபகம் இருந்திருக்க வேண்டும், விளக்கு ஒரு தடவைகூடக் கண்சிமிட்டவில்லை. ரிமோட்டில் பேட்டரி இல்லை என்று சொல்லிப் பார்த்தார். மகள் திவ்யலட்சுமி, "அதுக்கென்னப்பா," என்று போனிலிருந்தே டிவியைப் போட்டுவிட்டாள்.

தயாரிப்பாளர் அழுதார். உடனே திரை முழுக்க நம்பி. கண்ணை மூடிக்கொண்டு, பாயசத்தில் பிசைந்த போளியை வாய்க்குள் தள்ளி, மணிக்கட்டில் வழிந்ததையும் விடாமல் நக்கினார். அந்த நன்றிகெட்ட கேமரா அவரை விட்டு நகரவே இல்லை. கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. "எந்தொரு அபிநயம், என்னா நடிப்பு," என்று பக்கத்து வீட்டு சரோஜம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முத்தாரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனாள். எல்லாரும் கிளம்பிய பிறகு நம்பி அங்கே போய் நின்றார்.

"அது அபிநயமாக்கும்," என்றார்.

"உங்க மொகம் எனக்குத் தெரியாதா? நம்ம கலியாணப் பந்தியில பாத்த அதே மொகம்." அவள் குரல் உயரவில்லை. "இந்த வீட்டுல நான் பாயசம் வச்சு எத்தன ஓணம் ஆச்சு, கேட்டேளா? எனக்கென்ன சுகரா இருக்கு? நீங்க ஏங்குவேளேன்னு, வெளிய போனாக்கூட நான் ஒரு வாய் தொடல்ல."

அவள் இனிப்பு சாப்பிடாததை நம்பி கவனித்ததே இல்லை. டாக்டர் சத்தம் போட்டபோதுகூட அவருக்கு இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

மறுநாள் ரெனி போன் செய்தாள். ஜனங்களுக்குப் போளிக்காரரைப் பிடித்துவிட்டதாம். அடுத்த எபிசோடிலும் அதே பந்தி, அதே சட்டை. நம்பி முடியாது என்று வாயெடுப்பதற்குள் முத்தாரம்மாள் போனை வாங்கிக்கொண்டாள்.

"வருவாரு மோளே. கூட நானும் வருவேன். அந்த வேஷத்துக்குப் பெண்டாட்டி உண்டா?"

"இதுவரைக்கும் இல்ல சேச்சி."

"இனி உண்டு."

விநியோகஸ்தர் போளியை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் பக்கத்து இலைப் பெண்டாட்டி பிடுங்கித் தின்றுவிடுவாள் என்று காட்சி மாறியது. முதல் டேக்கில் முத்தாரம்மாள் கூச்சப்பட்டாள். அப்புறம் அந்தக் கூச்சம் எங்கே போயிற்றோ. மணிக்கட்டில் பாயசம் வழிய அவள் கண்ணை மூடியதை நம்பி பார்த்தார். மூன்று வருஷமாக இந்த முகத்தை அவர் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்பதும் தெரியவில்லை. சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யூனிட்டில் எல்லோரும் அதைப் போளி பறிபோன துக்கம் என்று நினைத்து மெச்சினார்கள்.

"டேக் ஓகே," என்றாள் ரெனி.

முத்தாரம்மாள் காலி இலையைப் பார்த்தாள். "எனக்கு அவ்வளவு திருப்தி இல்ல மோளே. ஒண்ணுகூடி எடுத்தா என்ன?"

ரெனி பதில் சொல்வதற்குள் அழகியநம்பி எழுந்து, பரிமாறுகிறவரிடமிருந்து பாயச வாளியை வாங்கி, மனைவியின் இலையில் ஒரு போளியை வைத்து, தன் கையாலேயே ஊற்றினார்.