வாடகைக் கரண்டு

எங்கள் ஜவ்வாது மலையில் ஒரு பழக்கம் உண்டு. விருந்தாளி வந்தால் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல் வெளியே வரக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாய், எதிர்வீட்டுச் சொம்பு, யார் வீட்டுக் கோழியாவது என்று கொண்டுவந்து நிறைத்துவிடுவோம். நல்ல பழக்கம்தான். எம்.எல்.ஏ. வந்த அன்று அதுவே எங்கள் தலையில் மண்ணைப் போடப் பார்த்தது.

எங்கள் பெண்கள் குழுவுக்குக் கிடைத்த சாமை உமி நீக்கும் மெஷின் கொட்டகையில் சும்மா கிடந்தது. அது ஓட மூன்று ஃபேஸ் கரண்டு வேண்டும். ஊரில் இருந்ததோ வீட்டு விளக்குக்கே அழுகிற கரண்டு. அறுவடைக்குள் புது லைன் வராவிட்டால், வழக்கம்போலச் சாமையை உமியோடு கீழே வியாபாரியிடம் போட்டுவிட்டு, அதையே அரிசியாகக் கடையில் வாங்கித் தின்ன வேண்டும். குழுத் தலைவி நான். நினைத்தாலே வயிறு எரியும்.

லைன் கேட்கத்தான் எம்.எல்.ஏ.வை அழைத்தோம். கேட்பதற்கு முன் உபசரிக்க வேண்டுமே! சந்தவாசலிலிருந்து ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து, புளியந்தோப்புக்குப் பின்னால் நிறுத்தினோம். மைக், ஃபேன் எல்லாம் அதில்தான். மெஷினையும் ஓட்டிக் காட்டினால் மனிதர் மனம் இளகுவார் என்றான் என் கொழுந்தன். நானும் தலையாட்டினேன். புத்தி எங்கே போனதோ!

எம்.எல்.ஏ. வந்தார். மெஷினிலிருந்து விழுந்த சாமை அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. மைக்கைப் பிடித்தார்.

“வெளியில நிலக்கரி வாங்கி எத்தினி நாளைக்கு எரிக்கிறது? வெயிலு நம்மது, காத்து நம்மது. நம்ம கரண்டை நாமே எடுக்கணும். எடுத்தா மட்டும் போதுமா? கம்பமும் கம்பியும் கடைசி வூடு வரைக்கும் போவணும். இதோ, இந்த மலைக்கே வந்துடுச்சி பாருங்க!”

கை தட்டினார்கள், எங்கள் ஆட்களே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னாடா கை தட்டினு கீற? போய் ஜெனரேட்டரை நிறுத்து” என்றேன் கொழுந்தனிடம்.

“ஐயோ அண்ணி, பேசினு கீறாரு. மரியாதையா இருக்காது.”

“உன் மரியாதையை உமியோட சேர்த்துத் தின்னு” என்று நானே போய் நிறுத்தினேன்.

மைக் செத்தது. ஃபேன் நின்றது. மெஷின் முனகி அடங்கியது.

“இன்னாம்மா, கரண்டு போய்டுச்சா?” என்றார் எம்.எல்.ஏ.

“போவலீங்க. மெஷினு ஓட்ற கரண்டு இன்னும் வரவே இல்லீங்க. இவ்ளோ நேரம் ஓடினது வாடகை ஜெனரேட்டருங்க.”

அவர் முகம் கறுத்தது. “அப்புறம் ஏம்மா இந்த வேஷம்?”

“வந்தவங்களுக்குக் குறை வெக்கக் கூடாதுங்களே.”

அதைக் கேட்டதும் மனிதர் சிரித்தார் பாருங்கள், நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் தன்னோடு வந்திருந்த மின்வாரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு, மலைப்பாதையில் மூன்று ஃபேஸ் கம்பங்கள் நின்றுபோன வளைவு வரை நடந்தார். காட்டு வழியாகக் கம்பி இழுக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்றார் அதிகாரி. “அதை நான் வாங்கித் தர்றேன். நீங்க கம்பத்தை ஏத்துங்க” என்றார் எம்.எல்.ஏ. எனக்குப் பாதி நம்பிக்கைதான்.

ஆனால் அனுமதி வந்தது, கம்பங்களும் வந்தன. லாரி ஏறாத மேட்டில் எங்கள் ஆண்கள் தோளில் சுமந்தார்கள். சாமைக் கதிர் தலைசாய்ந்த சமயம் மெஷின் தானாக, எந்த வாடகையும் இல்லாமல் ஓடியது. அன்று நாங்கள் போட்ட கூச்சல் பக்கத்து ஊருக்கே கேட்டிருக்கும்.

அறுவடை முடிந்து, மூட்டைகளோடு மலையடிவாரப் படவேட்டில் இறங்கினோம். வியாபாரி பழக்க தோஷத்தில் மூட்டைக்குள் கையை விட்டார். வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார்.

“இன்னாம்மா, உமியே காணோம்?”

“மேலயே வுட்டுட்டு வந்துட்டோங்க” என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.