இரண்டு சிவப்புக் கொடிகள்

அக்காவின் மகனுக்குக் கல்யாணம். கனடாவில் இருக்கிற சனம் அங்கேயே ஒரு மண்டபம் எடுத்துச் செய்யாமல், கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவுக்கு எல்லோரையும் வரச் சொல்லிவிட்டது. சிட்னியில் இருந்து மூன்று விமானம் மாறி நானும் கணவரும் பதின்மூன்று வயது மகளும் போய்ச் சேர்ந்தபோது என் கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. எந்தத் தெருவில் போனாலும் முடிவில் கடற்கரைதான். முதல் நாள் போன இடத்தில் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. இரண்டாம் நாள் போன இடத்தில் மணல் கறுப்பு. மகள் தண்ணீரை விட்டு ஏறவேயில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. அவள் தலை தண்ணீருக்குள் போனால் வெளியே வரும்வரை நானும் மூச்சு விடமாட்டேன். அது என் வியாதி.

மூன்றாம் நாள் கணவர் கல்யாண வேலையாக ஹோட்டலில் நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் தீவின் மறுபக்கம் போனோம். அங்கே அலை கொஞ்சம் பெரிது. திரும்பிப் போய்விடலாம் என்று மகளின் கையைப் பிடித்தேன். ஆனால் மணலில் இரண்டு கொடிகள் நட்டிருந்ததைக் கண்டதும் போன உயிர் திரும்பி வந்தது. சிட்னிக்கு வந்த நாளில் இருந்து எங்களுக்கு ஓதிய மந்திரம் ஒன்றுதான்: கொடிகளுக்கு நடுவில் குளி, அங்கேதான் உயிர்காக்கும் காவலர் பார்த்துக்கொண்டிருப்பார். சிட்னிக் கொடியில் சிவப்பும் மஞ்சளும் இருக்கும். இவை வெறும் சிவப்பு. சின்னத் தீவுதானே, மஞ்சள் துணி கிடைத்திருக்காது என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

மகள், ஆட்கள் குளித்துக்கொண்டிருந்த தூரத்து முனைக்குத்தான் நடந்தாள்.

"எங்க போறாய்? இந்தக் கொடிக்கு நடுவில குளி."

"கொடிக்கு நடுவில ஒருத்தரும் இல்லையே அம்மா."

"இல்லாட்டி நல்லதுதானே. சொன்னதைக் கேள்."

கேட்டாள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நெஞ்சளவு தண்ணீரில் நின்ற பிள்ளை திடீரென்று எங்கோ தொலைவில் தெரிந்தாள். ஒற்றைக் கையை உயர்த்தினாள். நீச்சல் வகுப்பில் பழக்கியது அது: கடல் இழுத்தால் எதிர்த்து நீந்தாதே, மிதந்துகொண்டு கையைத் தூக்கு, காவலர் வருவார். நான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கரையில் காவலரே இல்லை.

"ஐயோ, என்ர பிள்ளை!"

இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடினேன். அலை அடித்து விழுத்தியது. எழும்பினால் அவள் தலை தெரிகிறது, அடுத்த அலையில் தெரியவில்லை. என்னை எடு, அவளை விடு என்று கடலைப் பார்த்துக் கத்தினேன். இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். இழுத்தபடியே யாரையோ கூப்பிட்டாள். ஒருவர் மீன்பிடிப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் படகு போய்த் திரும்பும்வரை அந்தப் பெண்ணின் பிடியில் இருந்து திமிறிக்கொண்டிருந்தேன்.

உயிரோடு கொண்டுவந்து இறக்கினார். கட்டிப்பிடிக்க வேண்டிய நான் கன்னத்தில் ஒன்று போட்டேன்.

"கொடிக்கு வெளியால ஏன் போனனீ?"

"சொரி அம்மா" என்றாள், உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு.

இளநீர்க்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளையைத் துவாயால் போர்த்திவிட்டு, கொடிகளைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னாள்: சிவப்பு என்றால் ஒருவரும் இறங்கக் கூடாது, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கடல் ஆளை இழுக்கும். மகளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹோட்டலில் கணவர் பதறிப்போய்க் கேட்டார், "எப்படி நடந்தது?"

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கடலில் வந்ததைவிட வேறு ஒரு பயம் வந்தது.

"கொடிக்கு வெளியால போயிட்டாள்" என்றேன்.

மகள் கட்டிலில் இருந்து என்னையே பார்த்தாள். பிறகு அவரிடம் திரும்பினாள்.

"ஓம் அப்பா, என்ர பிழைதான்" என்றாள்.