எஸ்டேட் கரண்டு

தினேஸ்வரிக்கு நாற்பத்திரண்டு வயது. ஈப்போ பக்கம் செமோருக்கு வெளியே, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட ஒரு பழைய தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் கடைசி வீடு அவளுடையது. பள்ளி வேன் ஓட்டுகிறாள். விடிவதற்கு முன்பே கிளம்பினால், பதினெட்டுப் பிள்ளைகளையும் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். பன்னிரண்டரைக்குத்தான் மறுபடி வேனை எடுக்க வேண்டும்.

இடையில் கிடைக்கும் நேரத்தில் அவள் கார் பந்தயம் ஓட்டுவாள். மேசை விளிம்பில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பூட்டி, காலடியில் பெடலை வைத்து, கேமிங் லேப்டாப்பைத் திறந்தால் வேறு ஆளாகிவிடுவாள். பிள்ளைகள் ஏறிய வேனை நாற்பதுக்கு மேல் விரட்டாதவள், திரையில் இருநூற்றுக்கு மேல் வந்து கடைசி நொடியில் பிரேக் போட்டு வளைவுக்குள் நுழைவாள். ஈப்போக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்த அணி ஒன்றில் இரண்டு வருடமாக ஓட்டுகிறாள். ஞாயிறு காலைகளில் பந்தயம். அணித் தலைவர் பக்கீர் முகம்மது, ஈப்போவில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். "வளைவுல நம்ம தங்கச்சிய நம்பலாம்லா," என்று மற்றவர்களிடம் சொல்வார்.

இந்த வருடம் லேப்டாப்பின் விசிறி கரகரவென்று கத்த ஆரம்பித்தது. ஈப்போவில் விக்னேஸ்வரன் என்பவர் நடத்தும் ரிப்பேர் கடையில் கொடுத்தாள். நான்கு நாளில் புது விசிறி போட்டுக் கொடுத்தார். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து வேறு வியாதி வந்தது. முதல் ஐந்து நிமிடம் பந்தயம் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் படம் விட்டுவிட்டு நகரும். வளைவுக்கு முன்னால் காரைப் பார்ப்பாள். அடுத்துப் பார்க்கும்போது கார் சுவரில் இருக்கும்.

திரும்பக் கொண்டுபோனாள். "தூசி அக்கா. வீட்டச் சுத்தமா வச்சிக்கணும்," என்றார் விக்னேஸ்வரன். வீட்டை அவர் பார்த்ததே இல்லை. இரண்டாம் முறை, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதோடு அவள் சேர்த்து வைத்திருந்த பந்தயப் பதிவுகளும் போயின. வியாதி மட்டும் அப்படியே இருந்தது. மூன்றாம் முறை அவர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா எங்க இருக்கீங்க?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னாள்.

"அதான் பாத்தேன். எஸ்டேட் கரண்டுல இந்த மாதிரி மெஷின்லாம் ஓடாது. பழைய வயரு, வீக்கா வரும். பேசாம போன்ல விளையாடுங்கலா. இல்ல, வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க, நான் வெளங்கப்படுத்துறேன்."

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தினேஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வேனில் உட்கார்ந்த பிறகுதான் சொல்லவேண்டியதெல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நான்காம் சுற்றில் படம் உறைந்தது. அவளுடைய கார் முன்னால் போன பக்கீரின் காரையே இடித்து, இரண்டும் பாதையை விட்டு வெளியே போயின. பந்தயம் முடிந்ததும் பக்கீர் போன் செய்தார். குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"ரெண்டு வாரம் ரெஸ்ட் எடும்மா. வயசாக ஆக எல்லாருக்கும் கை கொஞ்சம் ஸ்லோ ஆகும். எனக்கும்தான்."

கை ஸ்லோ. காலையும் மதியமும் லாரிகளுக்கு நடுவே பதினெட்டுப் பிள்ளைகளைக் கீறல் இல்லாமல் கொண்டுசேர்க்கும் கை. அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை எட்டே காலுக்கு வேலையை ஆரம்பித்தாள். சூடு ஏறுகிறதா என்று பார்க்க, வெப்பத்தைக் காட்டும் மென்பொருளை ஓடவிட்டாள். எழுபத்தைந்தைத் தாண்டவில்லை. புது விசிறி ஒழுங்காகத்தான் சுற்றியது. படத் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தாள். அப்போதும் இழுத்தது. சரி, கரண்டு என்றார் அல்லவா, அதையும் பார்த்துவிடலாம் என்று எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு, ஈப்போவில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் தங்கை விமலாவின் வீட்டுக்குப் போனாள். நேற்றுக் கட்டியது போன்ற கட்டடம், புது வயர். ஐந்தாவது நிமிடம் கார் சுவரில் போய் நின்றது.

குற்றம் எஸ்டேட் கரண்டில் இல்லை என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அக்கா, இது என்ன, சார்ஜ் போட்டுத்தானே இருக்கு?" என்றாள் விமலா, திரையின் மூலையைக் காட்டி. "எண்பத்தி ரெண்டுன்னு காட்டுது."

ஆரம்பிக்கும்போது நூறு இருந்தது. வயர் சொருகியிருக்கும்போதே பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. தினேஸ்வரி லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் இருந்த எழுத்தைப் படித்தாள். 230 வாட். குனிந்து அடாப்டரைக் கையில் எடுத்தாள். 120.

பாதிச் சோறு போட்டு முழு வேலை வாங்கினால் எந்த மெஷின்தான் ஓடும்? விளையாட்டு சூடுபிடித்ததும் போதாத மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து உறிஞ்சி, அதுவும் தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. போனில் பழைய படங்களைத் தேடினாள். லேப்டாப் வாங்கிய அன்று அணியின் குழுவுக்கு அனுப்பிய படத்தில், மேசைமேல் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்பு அடாப்டர் இருந்தது. கையில் இருப்பதோ சோப்புக் கட்டி அளவு. விசிறியைப் போட்டுக் கொடுத்த அன்றே மாறியிருக்கிறது. பையில் சுற்றிக் கொடுத்ததை அப்படியே சொருகியிருக்கிறாள்.

நேரே கடைக்குப் போனாள். மேசைமேல் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் அடாப்டரை வைத்தாள்.

"ரெண்டையும் படிங்க."

விக்னேஸ்வரன் படித்தார். பின்னால் திரும்பி அலமாரியில் துழாவினார். மேல் தட்டிலேயே இருந்தது அந்தச் செங்கல், அவள் பெயர் எழுதிய டேப் ஒட்டியபடி. மூன்று முறையும் அவள் நின்ற இடத்திலிருந்து இரண்டு கை தூரம்.

"மாறிப் போச்சு அக்கா. சின்ன விஷயம்தான். இந்தாங்க."

"சின்ன விஷயத்துக்கு என் வீட்டத் தூசின்னீங்க. என் கரண்ட வீக்குன்னீங்க. ஆம்பளைய வரச் சொன்னீங்க."

"அப்படி ஒண்ணும் மனசுல வச்சிச் சொல்லலக்கா. நானும் எஸ்டேட்ல பொறந்தவன்தான்லா."

"அப்ப உங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கும், அந்தப் பேச்சு எப்படிக் குத்தும்னு."

தினேஸ்வரி கடையின் ரசீதுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "எழுதுங்க. தப்பான அடாப்டர் குடுத்தது கடைதான், வீட்டுக் கரண்டு மேல எந்தக் குத்தமும் இல்லன்னு. சாப் போட்டுக் குடுங்க." அவர் தயங்கினார். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் வந்த வாடிக்கையாளர் ஒருவர் தன் பையிலிருந்து அடாப்டரை எடுத்து, புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அதைக் கண்டதும் விக்னேஸ்வரன் எழுதி, கடை முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார்.

அந்த ரசீதைப் படம் எடுத்து அணியின் குழுவில் போட்டாள். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

ரெஸ்ட் எடுக்காமல் அடுத்த ஞாயிறே ஓட்டினாள். ஒரு வளைவிலும் படம் நிற்கவில்லை. ஆறாவதாக வந்தாள், ஒரு மாதமாகச் சரியாக ஓட்ட முடியாமல் இருந்தவளுக்கு அது மோசமில்லை. பக்கீர் உடனே போன் செய்தார்.

"கலக்கிட்ட தங்கச்சி. இனிமே எல்லா வாரமும் நீ இருக்க."

"இருக்கேன் அண்ணே. ஆனா அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மெஷினுக்கு என்னான்னு. நேரா என் கைக்குத்தான் வயசு பாத்தீங்க."

மறுமுனையில் பக்கீர் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமோ சொல்லிவிட்டு, கடைச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்தார்.

"கேட்டிருக்கணும்லா," என்றார். "தப்புதான்."

அவளுக்கு ஆத்திரம் முழுவதும் ஆறவில்லை. இருந்தாலும், அடுத்த பந்தயம் எந்தப் பாதையில் என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டாள்.