காக்கா குரலில் நூற்று நாற்பது வாக்கியங்கள்

என் தம்பி மாதிரி ஒரு கல்லுளிமங்கனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்கு ‘ம்’ வரும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாம். நான் அவனுக்கு நேர்மாறு. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன். திட்டுவதும் அதில் அடக்கம்.

நாங்கள் இணையத்தில் கார்ட்டூன் செய்கிறவர்கள். நான் படம் வரைந்து அசைய வைப்பேன். திரையில் எந்த இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதற்கான நிரலை அவன் எழுதுவான். பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. படுக்கையறைதான் அலுவலகம், துணி அலமாரிதான் ஒலிப்பதிவுக்கூடம். சட்டைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவில் மைக் தொங்கும்.

எங்கள் கதாநாயகி ஒரு கிழட்டுக் காக்கா. கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும். தெருவில் போகிறவர் யாரை நீங்கள் தொட்டாலும் அவருக்கென்று ஒரு வசவு வைத்திருக்கும். குரல் கொடுத்தது எங்கள் அம்மா. தையல் கடை நடத்தி, தனி ஆளாக எங்களை வளர்த்தவள். அளவு கொடுத்துவிட்டு ‘இடுப்பு பிடிக்குது’ என்று சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர்களைப் பதிலுக்குத் திட்ட முடியுமா? அந்த எரிச்சலையெல்லாம் அலமாரிக்குள் தலையை விட்டுக் காக்காவாகக் கொட்டித் தீர்த்தாள்.

பதிவு செய்வதில் எங்களுக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. அம்மா முன்னால் பதிவைத் திருப்பிப் போடக் கூடாது, இது முதலாவது. போட்டால் தொலைந்தோம். “ஐயய்யே, இதுவா என் குரல்? இரு, இன்னொரு தடவ சொல்றேன்” என்று அன்றைய பொழுதையே சாப்பிட்டுவிடுவாள்.

இரண்டாவது, காக்காவின் கீச்சுக்குரல் பேசப் பேசவே பதிவில் ஏறிவிடும். ஆரம்பத்தில் அப்படி இல்லை. சாதாரணக் குரலைப் பதிந்துகொண்டு, கீச்சைப் பிறகுதான் ஏற்றுவான் தம்பி. ஒருமுறை மறந்துபோய் அப்படியே வெளியிட்டுவிட்டான். காக்கா எங்கள் அம்மாவாகவே பேசியது. நான் அவனை ஒரு வாரம் உண்டு இல்லை என்று ஆக்கினேன். அந்த அத்தியாயத்தை ஒரு பிரதிகூட மிச்சம் வைக்காமல் அழிக்க வைத்தேன். அவன் எந்தப் பதிவானாலும் கீச்சாகவே விழும்படி கணினியில் ஒரேயடியாகப் பூட்டிவிட்டான். அதன் பிறகு நான் திட்ட வழியில்லாமல் போயிற்று.

போன வருடம் அம்மாவின் குரல் கம்மத் தொடங்கியது. தொண்டையில் கட்டி. குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிர் தங்கும், எடுத்த பிறகு பேச்சு வராது என்று டாக்டர் சொன்னார். நான் குய்யோ முறையோ என்று அழுதேன். தம்பி இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, அவன் வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினான்.

“அக்கா, அம்மா பேசறது எல்லாத்தையும் இப்பவே பதிஞ்சிடலாம். ஒவ்வொண்ணுக்கும் நீ ஒரு படம் வரை. நான் அதையெல்லாம் ஒரே பக்கமா அடுக்கி அவங்க ஃபோன்ல போட்டுடறேன். படத்தைத் தொட்டா அவங்க குரல்லயே பேசும்.”

நான் நூற்று நாற்பது படங்கள் வரைந்தேன். தண்ணீர்க் குவளை, மின்விசிறி, தலையணை, வலிக்கிற முதுகு. ஆஸ்பத்திரியில் சேருகிற அன்று மதியம் அம்மா அலமாரி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, கம்மிய குரலைச் செருமிச் செருமி நூற்று நாற்பதையும் சொல்லி முடித்தாள். வழக்கப்படி நாங்கள் எதையும் திருப்பிப் போட்டுக் கேட்கவில்லை. சாயங்காலம் அவளைச் சேர்த்தோம். வார்டில் துணைக்கு ஆள் இருக்கக் கூடாது என்றதால் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆபரேஷன். ஆறரைக்குத் தம்பி பதிவுகளைப் படங்களோடு இணைக்க உட்கார்ந்தான். முதலில் குவளையைத் தொட்டான்.

“தண்ணி வேணும்” என்று கரைந்தது காக்கா.

அவன் மின்விசிறியைத் தொட்டான். காக்கா. தலையணை, முதுகு, அத்தனையும் காக்கா. பூட்டிய பூட்டை நாங்கள் இருவருமே மறந்துபோயிருந்தோம்.

“மாத்துடா! எறக்குடா அந்தக் கீச்ச!”

அவன் இறக்கிப் பார்த்தான். தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ ஒரு ஆம்பளை தண்ணீர் கேட்டான். “வராதுக்கா. அசல் எதுவும் மிச்சமில்ல” என்றான் தம்பி. அவன் முகம் வெளுத்திருந்தது.

வேறு வீடியோவில் இருக்காதா என்பீர்கள். அம்மா கேமராவைக் கண்டாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுகிற ஆள். அவளுடைய நல்ல குரல் இருந்த ஒரே அத்தியாயத்தை அழிக்க வைத்த புண்ணியவதி நான்தான்.

வண்டி பிடித்து ஓடினோம். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றது, நான் மட்டும் நிற்கவில்லை. மடையா, பொறுப்பத்தவனே, உன்னை நம்பினேன் பார் என்று வழி நெடுகத் திட்டினேன். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வார்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டேகால். அம்மாவை ஏற்கெனவே தள்ளுபடுக்கையில் கிடத்தியிருந்தார்கள். நர்ஸ் கையில் ஃபைலோடு நின்றாள்.

“இப்ப யாரும் உள்ள வரக் கூடாதும்மா.”

“சிஸ்டர், கால்ல விழறேன், ரெண்டே ரெண்டு நிமிஷம்.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “ரெண்டு நிமிஷம்தான். அதுக்கு மேல டாக்டர்கிட்ட நான் திட்டு வாங்க முடியாது.”

நான் கைப்பேசியில் பதிவை அழுத்தினேன். அம்மா பதறிப்போய், “என்னடி ஆச்சு?” என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். “என்ன ஆச்சா? உன் புள்ளையக் கேளும்மா! எல்லாத்தையும் காக்கா குரல்ல பதிஞ்சு வெச்சிருக்கான்! ஒண்ணுகூட உன் குரல் இல்ல! எத்தன தடவ சொல்லியிருப்பேன், ஒரு வேலையாவது உருப்படியா செய்வானா? இப்ப நீ எப்படிப் பேசுவ? எங்களுக்கு என்ன இருக்கு?” நான் அழுகையும் ஆத்திரமுமாகக் கொட்டிக்கொண்டே போனேன். தம்பி தலையணைப் பக்கம் நின்று படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சத்தமே வரவில்லை அவனுக்கு.

அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

“பெரியவளே, போதும். விடு அவன. பாவம்டி புள்ள.”

“டைம் ஆச்சு” என்று நர்ஸ் படுக்கையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தம்பி அதைக் காதில் வைத்துக் கேட்டான். இரண்டு நிமிடப் பதிவில் முக்கால்வாசி என் கத்தல். அம்மா “என்னடி” என்றதுகூட என் சத்தத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. சுத்தமாகக் கிடைத்தது அவள் என் வாயைப் பொத்திய பிறகு சொன்னது மட்டும்தான். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

கடைசியில் கேட்டான். “இதுக்கு என்ன படம் போடறது?”

“நீயே சொல்லு.”

“ஒன்னத்தான் வரையணும்.”

வாயை அகலத் திறந்திருக்கிற என் முகத்தையே வரைந்து கொடுத்தேன். நூற்று நாற்பத்தோராவது படம்.

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது கைப்பேசியும் கையுமாகத்தான் இருக்கிறாள். காக்கா குரல் அவளுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. தண்ணீர் கேட்பதும் விசிறியைக் குறைக்கச் சொல்வதும் காக்காதான். கதவைத் தட்டுகிறவர்களை “யாரு?” என்று காக்காவை விட்டுக் கேட்டுத் தூக்கிவாரிப்போட வைத்துவிட்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

அவள் சொந்தக் குரல் இந்த வீட்டில் கேட்பது ஒரே ஒரு சமயத்தில்தான். நான் தம்பியைத் திட்டும்போது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இப்போதெல்லாம் எனக்கு அவன் மேல் கோபம் வருவதே இல்லை. அவனுக்கும் அது தெரியும். வாரத்தில் இரண்டு நாளாவது குளியலறை விளக்கை அணைக்காமல் வருவான், இல்லையென்றால் ஈரத்துண்டை என் நாற்காலியில் போடுவான். நேற்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாதி வரைந்த படத்தின் மேல் காப்பிக் குவளையைக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

“அறிவிருக்காடா உனக்கு?” என்று வீடே அதிரக் கத்தினேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். அம்மா கைப்பேசியைக் கையில் எடுத்தாள்.