தெரியாதவளுக்கு ஒரு புத்தகம்

இருபது வருஷமாகத் தையற்கடை நடத்தியவளுக்குக் கணவனின் வேலை என்னவென்று கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன் அவன். வீட்டுக் கம்ப்யூட்டர் மெஷினிலும் கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, வேறொன்றும் கிடையாது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் இது என்பான். "பட்டனே இல்லாத சட்டைக்கு இவ்வளவு பெருமையா?" என்று இவள் வாருவாள்.

அந்தக் கிண்டல்தான் அவனை எழுத உட்கார வைத்தது. அரிச்சுவடிகூடத் தெரியாதவர்களுக்காக லினக்ஸ் பற்றி ஒரு புத்தகம். எழுதியதை இவளிடம் வாசித்துக் காட்டுவான். இவள் நெற்றி சுருங்கினால் போதும், அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதுவான். மூன்று அத்தியாயம் வாசித்தான். மீதியை முடித்துவிட்டு மொத்தமாகக் காட்டுகிறேன் என்றான். முடித்தும்விட்டான். மறுநாள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

புத்தகம் மெஷினுக்குள் இருந்தது. இரண்டே மாதத்தில் உள்ளே ஹார்ட் டிஸ்க் டொக் டொக்கென்று தட்டத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"அது சாகறதுக்குள்ள புது டிஸ்குக்குக் காப்பி பண்ணிடணும் அண்ணி. அடுத்த மாசம் நான் வந்து பண்றேன்."

அடுத்த மாதம்வரை அது தாங்குமா? மனசு கேட்கவில்லை. கடைக்குப் போய் அதே அளவில் ஒரு புது டிஸ்கும், தலையணை கனத்தில் ஒரு லினக்ஸ் புத்தகமும் வாங்கினாள். அட்டையில் 'புதியவர்களுக்கு' என்று போட்டிருந்தது. முதல் பக்கத்திலேயே, அடிப்படை உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று தொடங்கினார் அதை எழுதிய புண்ணியவான். தெரிந்தவன் எதற்கு ஐயா உம்முடைய புத்தகத்தை வாங்குகிறான்?

ஒன்பது நாள் கடையைப் பூட்டிவிட்டு அதோடு மல்லுக்கட்டினாள். துணி வெட்டுகிறவள், அவசரப்படுகிறவள் அல்ல. புத்தகம் சொன்னபடி புது டிஸ்கைப் பழசின் பக்கத்தில் மாட்டி, பென்டிரைவில் மெஷினைக் கிளப்பினாள். திரையில் ஒரு டிஸ்கின் பெயர் ஏ என்று முடிந்தது, மற்றது பி என்று. முதலில் இருந்தது பழசு, அதனால் அதுதான் ஏ என்று எடுத்துக்கொண்டாள். நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஏ-யிலிருந்து பி-க்குக் காப்பி என்று கட்டளையை எழுத்துக்கூட்டி அடித்தாள். மெஷின் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் வேலை பிசகில்லாமல் முடிந்தது. பழைய டிஸ்கைத் திறந்து பார்த்தால் காலி. புதியதும் காலி.

கொழுந்தனுக்குப் போன் போட்டு, அடித்த கட்டளையை அப்படியே வாசித்துக் காட்டினாள்.

"எது ஏ, எது பி-ன்னு மெஷின் ஒவ்வொரு தடவையும் அதுவா வெச்சுக்கும் அண்ணி. முந்தி வந்தது ஏ-ன்னு கணக்கில்ல. இந்தத் தடவை புதுசுதான் ஏ. அந்த வெறும் டிஸ்க அண்ணனோடது மேல காப்பி பண்ணிட்டீங்க."

"திருப்பி எடுக்க முடியாதா?"

"முடியாது அண்ணி."

"புத்தகத்துல அத எழுதலையே தம்பி."

"எல்லாருக்கும் தெரியும்னு விட்டிருப்பாங்க."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மறுமுனையில் அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

"எனக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இருந்தார் தம்பி," என்றாள். "அவர் எழுதினத நானே அழிச்சுட்டேன்."