பாதிப் பெயரில் தேடுகிறவள்

பனியன் கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கிறவளுக்குப் பாதி வேலைதான் டைப் அடிப்பது. மீதி வேலை, அடித்ததை எங்கே வைத்தோம் என்று தேடுவது. இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாராவது பார்த்தால் "அது அப்படி இல்லீங்க" என்று திருத்துவார்கள். திருத்திக்கொள்ளட்டும். வேர்டில் பாதிப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, எதிரில் ஆள் நிற்கத் தேடியவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் தப்பாகச் சொன்னாலும் உங்களுக்குப் புரிந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆபீசுக்கு வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் செக்கிங் டேபிளில் இருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்க்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகிவிட்டது. இனிமேல் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ஆபீசில் டைப் அடித்தவர் வேலையை விட்டுப் போனார். செக்கிங் ரிப்போர்ட்டில் என் எழுத்தைப் பார்த்திருந்த மேனேஜர், அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார். டைப் அடிப்பதை அதில் உட்கார்ந்துதான் பழகினேன். அது போனால் நான் மறுபடியும் நிற்க வேண்டும். நான் ஏன் எல்லாவற்றுக்கும் இப்படி நடுங்குகிறேன் என்று கேட்காதீர்கள்.

வெறும் நட்சத்திரம்

தேடக் கற்றுக்கொடுத்தது சத்யா. வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போட்டு ஆர்டர் பார்த்துக்கொள்கிற பெண். என் மகள் வயது. "முழுப் பேர் தெரியலைன்னாப் பரவால்லீங்கக்கா. தெரிஞ்ச நாலு எழுத்தை அடிங்க. முன்னாலயும் பின்னாலயும் இந்த நட்சத்திரத்தைப் போடுங்க. அந்த எழுத்து இருக்கற ஃபைலெல்லாம் தானா வந்துரும்" என்று எட்டாம் நம்பருக்கு மேலே இருக்கும் * குறியைத் தட்டிச் செய்து காட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஒரு லெட்டர் தேட வேண்டியிருந்தது. நட்சத்திரத்தைப் போட்டேன். நாலு எழுத்து யோசிப்பதற்குள் கை தவறி என்டரைத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான். ஃபைல் மேல் ஃபைலாக வந்து விழுகிறது. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அடித்ததெல்லாம் வருகிறது. நிற்கவே இல்லை. வைரஸ் வந்துவிட்டது, என்னால்தான் வந்தது என்று நினைத்து, மேஜைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். என் அலறல் கேட்டு ஓடி வந்த சத்யாவுக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க யாரு பேரையும் சொல்லாம வாங்கன்னு கூப்பிட்டிருக்கறீங்கக்கா. அதான் ஊரே வந்து நிக்குது!"

யானையைக் காணோம்

எங்கள் ஊர் கம்பெனிகளில் தையல், பேக்கிங் பக்கம் வேலை செய்கிறவர்கள் யாரும் ஆர்டரை நம்பர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். பனியனின் நெஞ்சில் என்ன படம் அடித்திருக்கிறதோ அதுதான் பெயர். யானை, கப்பல், தர்பூசணி. பேக்கிங் பார்க்கும் மாரியண்ணன் திருநெல்வேலிக்காரர். ஒருநாள் வந்து, "யக்கா, யானைக்குப் பேக்கிங் லிஸ்ட் எடுத்துத் தாங்க, வண்டி நிக்கி" என்றார். யானை என்று தேடினேன், இல்லை. இங்கிலீஷில் தேடினேன், இல்லை.

கடைசியில் மாரி என்று போட்டுப் பார்த்தேன். வந்தது பாருங்கள், ஒரு பக்கம் முழுக்க. எனக்கு முன்னால் டைப் அடித்தவர், யார் வந்து கேட்டார்களோ அவர்கள் பெயரிலேயே ஃபைலை வைத்திருக்கிறார். மாரி அவசரம். மாரி ரொம்ப அவசரம். மாரி அவசரம் இரண்டு. மாரி கோபம். ஒவ்வொன்றாகத் திறந்து, "மாரி கோபம்" என்பதில்தான் யானையைக் கண்டுபிடித்தேன். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாரியண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது.

"இத்தன வருசமா நான் இந்தக் கம்பெனில பொறுமையாத்தானக்கா பேசிட்டு இருக்கேன்?"

மேலே இருந்தது

போன வருடம் வந்த கப்பல் படம் போட்ட பனியனுக்கே இந்த வருடமும் ஆர்டர் வந்தது. அப்படி வந்தால் எங்கள் வழக்கம், பழைய ஃபைலை அப்படியே காப்பி எடுத்து, வேறு ஃபோல்டரில் வைத்து, மாற வேண்டியதை மட்டும் மாற்றுவது. பெயரை யாரும் மாற்றுவதில்லை. கார்ட்டன் பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டும் என்றார்கள். பாதிப் பெயரை அடித்தேன். ஒரே பெயரில் இரண்டு வந்தது. மேலே இருப்பதுதான் புதுசு என்று நினைத்து அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்தேன்.

பெட்டிகளில் ஒட்டி, தூத்துக்குடி போகிற லாரியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பேக்கிங்கில் ரீத்தா என்று ஒரு பெண், பீகாரிலிருந்து வந்தவள். அவளுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. வெளிநாட்டுக்காரர்கள் சரி பார்த்து அனுப்பி, மாதிரிக்குச் சுவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறாள். அவள் பாஷையில் அக்காவுக்குத் தீதி. நேராக என்னிடம் வந்து, "தீதி, இது வேற. அங்கே கடைசி வட்டம். இங்கே கடைசி கம்பு" என்றாள். போய்ப் பார்த்தால், சுவரில் இருப்பதில் குடோன் நம்பருக்குக் கடைசியில் பூஜ்யம். பெட்டியில் இருப்பதில் ஒன்று. நான் எடுத்துக் கொடுத்தது போன வருடத்து ஸ்டிக்கர். அவள் பார்க்காவிட்டால் சரக்கு வேறு ஒரு குடோனுக்குப் போய் இறங்கியிருக்கும்.

ஏற்றியதை இறக்கி, எல்லாவற்றையும் உரித்து, மறுபடி ஒட்டினார்கள். நானும் நின்று உரித்தேன். மேனேஜர் ஒரு வார்த்தை திட்டவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்கள் கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார்கள், அதுதான் பயம். நான் திரும்பி வந்து உட்காரும்வரை காத்திருந்து கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, சேரு வசதியா இருக்குதுங்களா?"

என் பெயரைத் தேடினேன்

அடுத்த மாதம் காங்கேயத்தில் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். லீவு லெட்டர் ஒன்று முன்பே அடித்து வைத்திருந்தேன். அதைத் தேட, துளசிமணி என்கிற என் பெயரில் பாதியைப் போட்டேன். இரண்டு வந்தது. ஒன்று லீவு லெட்டர். இன்னொன்று நான் அடித்ததே இல்லை. திறந்தேன். "திருமதி துளசிமணி அவர்கள் ஒன்றாம் தேதி முதல் செக்கிங் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்." எந்த மாதம் என்ற இடம் காலியாக இருந்தது. மேலே போட்டிருந்த தேதி, ஸ்டிக்கர் உரித்ததற்கு மறுநாள். அன்று மத்தியானம் நான் கால் வலியோடு சீக்கிரம் வீட்டுக்குப் போன பிறகு மேனேஜர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, என் கம்ப்யூட்டரிலேயே அடித்திருக்கிறார்.

சத்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் யோசித்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"இதை அவரு பிரிண்ட் எடுக்கோணும்னா, தேடிக் குடுக்கச் சொல்லி உங்களைத்தானுங்கக்கா கூப்பிடோணும்?"

மேனேஜர் தேடினார்

அவள் சொன்ன மாதிரியே நடந்தது. பத்து நாள் கழித்து மேனேஜர் வந்து, "அம்மிணி, நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்றார். போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஃபைல் வரிசையை மேலேயும் கீழேயும் உருட்டிக்கொண்டே இருந்தார். டீ ஆறியும் உருட்டினார். நான் திரும்பி வந்ததும், "ஒரு லெட்டர் அடிச்சு வெச்சிருந்தனுங்க, காணோம்" என்றார்.

"பேரு என்னங்க சார்?" என்றேன். என் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஞாபகம் இல்லை என்றார். "பாதிப் பேரு போதுங்க சார், இப்பவே எடுத்துத் தந்துர்றேன்" என்றேன். அவர் எழுந்து, நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"வேண்டாங்க, உடுங்க. கெடைக்கறப்பக் கெடைச்சுட்டுப் போகுது."

நான் அதை அழிக்கவில்லை. கம்பெனி லெட்டரை அழிப்பது திருட்டு மாதிரி. அது என்னால் ஆகாது. சத்யாவிடம் காட்டிய அன்றே அதன் பெயரை மட்டும் மாற்றினேன்: "ஆயுத பூஜை பொரி கடலை லிஸ்ட்". வருடத்துக்கு ஒரு தடவைதான் அதை யாரும் கேட்பார்கள், அன்றைக்கும் தேடப்போவது நான்தான். மறுபடி அடிக்கலாமே என்றால், மேனேஜருக்கு டைப் அடிக்க ஒரு விரல்தான் வரும். அந்த நாலு வரிக்கே அவர் ஒரு மத்தியானம் செலவழித்திருப்பார்.

தேடி எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், கிடைக்காமல் வைப்பதும் அதில்தான் சேரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.