கொரியக் கசாயத்துக்கு நான் காத்த பத்தியம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் என்னை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கார் பழக்கினேன். ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிய காசில் நானே வாங்கிய கார். பக்கத்து சீட்டில் என் காலடியிலும் ஒரு பிரேக் பூட்டியிருந்தேன். என்னிடம் பழகி ரோட் டெஸ்டில் கோட்டை விட்டவர்களை ஒரு கையில் எண்ணலாம். ஒரு கொரிய வைத்தியருக்குக்கூடப் பழக்கினேன். இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறை. சைகை காட்டியே முதல் முறையிலேயே பாஸ் பண்ண வைத்தேன்.

ஒரு பனிக்காலம் என் வலது பாதம் விறைக்கத் தொடங்கியது. பிரேக் மிதிக்கிற கால். சப்பாத்துக்குள் பாதம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டி வந்தது. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதற்குக் குளிசை தருகிற குடும்ப டொக்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் லைசன்ஸ் கந்தோருக்கு எழுதிவிடுவார் என்று பயம். லைசன்ஸ் போனால் நான் மாஸ்டரில்லை, திரும்பவும் கோப்பை கழுவுகிறவன்.

அதனால் கொரிய வைத்தியரிடம் போனேன். மூன்று விரலால் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார். அப்படியே எங்கள் ஊர்ப் பரியாரி. எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. காலில் ஊசிகள் குத்தி, பிளாஸ்டிக் பைகளில் அடைத்த கறுத்தக் கசாயம் தந்தார். வேறு மருந்து எடுக்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். பன்றியும் குடியும் கூடாது என்றார்.

பத்தியம் இவ்வளவுதானா? பத்தியமில்லாத கசாயம் கேட்காது என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும். இந்த நாட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, மிச்சத்தை நானே போட்டுக்கொண்டேன். மீன், புளி, மிளகாய் நிறுத்தினேன். காலையில் வெறும் வயிற்றில் கசாயமும் சீனிக் குளிசையும். மத்தியானம் ஒரு பிடி சோறும் அவித்த பயறும். இரவு ஒன்றுமில்லை. மனைவி சாப்பாட்டுக் கோப்பையோடு எனக்குப் பின்னால் திரிந்தாள்.

பத்தாம் நாள் காலை, கலியாணம் முடித்த ஒரு பெண்பிள்ளையை ரோட் டெஸ்டுக்காக ஒஷாவாவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே டெஸ்ட் லேசு என்று எங்கள் சனம் அங்குதான் போகும். வழியில் அவள் ஓட்டிக்கொண்டிருக்க, எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. முன்னால் சிவப்பு விளக்கு. அந்தப் பிள்ளை தடுமாறியதைக் கண்டு நான் பிரேக்கை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். கார் நிற்கவில்லை. கடைசியில் அவளே எட்டி மிதித்தாள்.

“அண்ணை, உங்களுக்கு என்ன செய்யுது?”

அதற்குப் பிறகு நினைவில்லை.

கண் திறந்தால் ஆஸ்பத்திரி. பட்டினி வயிற்றில் குளிசை போட்டு இரத்தத்தில் சீனி விழுந்துவிட்டதாம். மனைவி கட்டிலடியில், அந்தப் பிள்ளை கதவடியில். டொக்டர் என்னிடம் கார் ஓடுகிறீரா என்று கேட்டார். பக்கத்து சீட்டில் கிடந்தவன்தானே, நம்பிவிடுவார். இல்லையென்று தலையாட்டினேன்.

ஆங்கிலத்துக்கு வாயே திறக்காத என் மனைவி சொன்னாள்: “யெஸ். டிரைவிங் டீச்சர். லெக் நோ குட்.”

டொக்டர் பேனையை எடுத்தார். நான் பயந்திருந்த கடிதத்தை என் கண்முன்னாலேயே எழுதினார்.

அந்தப் பிள்ளை போனபிறகு மனைவியிடம், “என்ரை பிழைப்பிலை மண்ணைப் போட்டிட்டாய்” என்றேன்.

“ஓம், போட்டனான். உந்தப் பிள்ளைக்கு வீட்டிலை ரெண்டு குழந்தை. உங்கடை காலை நம்பியெல்லோ காரிலை ஏறினவள்.”

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.